ஆறாம் திருவிழாக் காளாஞ்சி

இந்த வருடத்துத் திருவிழா நோட்டீஸ் நேற்று வாசல் படலைக்குள் கிடந்தது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். கொடியேற்றத்திலிருந்து வரி வரியாய் இறங்கி வந்து ஆறாம் திருவிழாவில் விரலை நிறுத்தினேன். அதற்கு நேரே என் மகளின் பெயர் இருந்தது. ‘குடும்பத்தினர்’ என்று போட்டு மழுப்பவில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் ஆண்பிள்ளையின் பெயரையும் முட்டுக்கொடுத்து வைக்கவில்லை. அவள் பெயர் மட்டும். மூன்று தரம் வாசித்தேன். பிறகு அதைக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுத்தான் தேத்தண்ணீர் வைக்கப் போனேன்.

இது எப்படி வந்தது என்று ஆறுதலாய்ச் சொல்கிறேன்.

எங்கள் அம்மன் கோயில் பெரிய கோயில் இல்லை. இணுவில் கந்தசாமி கோயில் போலச் சனம் முட்டாது. பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். அன்றைய பூசை, பூ, மேளம், நைவேத்தியம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அதை உபயம் என்போம். உபயகாரர் அம்மனுக்கு முன்னால் பலகையில் அமர்ந்திருந்து, மோதிர விரலில் தர்ப்பை போட்டுக்கொள்வார். ஐயர் அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் அம்மனுக்குச் சொல்லிப் பூசையைத் தொடங்குவார். முடிவில் தட்டத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, பூ வைத்து ஊர் பார்க்க அவர் கையில் கொடுப்பார்கள். அதுதான் காளாஞ்சி. பெரிய விலை பெறாது. ஆனால் அதற்காக அண்ணன் தம்பி கதை பேச்சு இல்லாமல் போன வீடுகள் எங்கள் ஊரில் இருக்கின்றன.

ஆறாம் திருவிழா என் கணவரின் பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டு உபயம். நான் கலியாணம் முடித்த வருடத்திலிருந்து அந்த நாளுக்கு விடிய எழும்பி மா இடித்தேன், மோதகம் பிடித்தேன், மாலை கட்டினேன். பூசை நேரம் பெண்கள் பக்கத்து மூன்றாம் தூணடியில் நிற்பேன். அங்கிருந்து அம்மன் தெரியாது. எத்தனையோ வருடம் நான் கண்ட ஆறாம் திருவிழா என் கணவரின் முதுகுதான். அதில் எனக்கு அப்போது ஒரு குறையும் தெரியவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூசை முடியுமுன் நான் வீட்டுக்கு வந்து படலையில் நிற்பேன். அவர் காளாஞ்சியோடு வருவார். தேங்காய் இருக்கும், பழம் இருக்கும், பூ வாடியிருக்கும். வெற்றிலை மட்டும் இருக்காது. கோயில் வீதி முடிவதற்குள் அதை வாயில் போட்டுவிடுவார். சிவந்த வாயால் சிரித்துக்கொண்டு, “இந்தா, உன்ரை அம்மாள் தந்துவிட்டவ” என்று தட்டத்தை நீட்டுவார். நல்ல மனுஷன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மகள். சண்டையால் நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலம் அவளுடைய கலியாண வயதாக இருந்தது. திரும்பி வந்தபோது அது தாண்டிப்போயிருந்தது. அவள் அதற்காக மூலையில் குந்தவில்லை. தகப்பனோடு தோட்டத்தில் இறங்கினாள். வெங்காயம், கரட், புகையிலை எது வைப்பது, எப்போது வைப்பது என்று அவருக்கே பிறகு அவள்தான் சொன்னாள். இரண்டு சில்லு உழவு மெசின் ஒன்று வாங்கித் தானே ஓட்டினாள். முதல் நாள் அதில் அவள் எங்கள் ஒழுங்கைத் தெருவால் போனபோது வேலிக்கு மேலால் எத்தனை தலை தெரிந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அவர் கண்மூடிய வருடம் வீட்டில் தீட்டு, துடக்கு என்பதால் எங்கள் திருவிழாவை வேறு ஆட்கள் செய்தார்கள். அடுத்த வருடம் யார் தர்ப்பை போடுவது என்ற கேள்வி வந்தது. கேள்வி என்று சொல்லக்கூடாது, யாரும் கேட்கவில்லை. என் கணவரின் தமையனின் மகன் கொழும்பில் இருக்கிறான். அவன்தான் என்று ஊரும் நினைத்தது, நானும் நினைத்தேன்.

அவன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். கொடியேறிய நாளிலிருந்து விரதம் இருந்து, வாழைமரம் வெட்டி, மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கோயில் வாசலில் கட்டியவள் என் மகள். அவன் வேட்டியை மாற்றிக்கொண்டு பலகையில் இருந்தான். தன் நட்சத்திரம் என்ன என்று திரும்பிப் பார்த்து என்னிடம் சைகையில் கேட்டான். பூசை முடிந்தது. நான் பழக்கத்தில் வீட்டுக்கு ஓடி வந்து படலையில் நின்றேன். வெகுநேரம் நின்றேன். அவன் அப்படியே மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிட்டான். காளாஞ்சியும் கொழும்புக்குப் போய்விட்டது.

மகள் சேலையை மாற்றினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

அடுத்த வருடம் அவன் போன் எடுத்தான். “சித்தி, லீவு இல்லை. ஆரும் ஒரு ஆம்பிளையைப் பிடிச்சு இருத்திவிடுங்கோ” என்றான். சரி என்று பக்கத்து வீட்டு அண்ணையைக் கேட்டேன். அவரும் ஓம் என்றார். ஆறாம் திருவிழா அன்று காலை அவருடைய பெரியம்மா செத்துப்போனதாகச் செய்தி வந்தது. அவருக்குத் துடக்கு. கோயில் படி மிதிக்கேலாது.

கோயிலில் எல்லாம் ஆயத்தம். மேளம் அடிக்கிறார்கள். உதவி ஐயர் அந்தரப்பட்டுக்கொண்டு நிற்கிறார்.

“உபயகாரர் எங்கை? கெதியா வாங்கோ, நேரம் போகுது.”

மகள் பூசைத் தட்டத்தோடு முன்னால் நின்றாள். “நான் நிக்கிறன் ஐயா.”

“அது தெரியும் பிள்ளை, ஆம்பிளையளைக் கூப்பிடுங்கோ” என்று அவர் அவளுக்கு மேலால் பின்னுக்குப் பார்த்தார்.

அந்த நேரம் அரியாலையிலிருந்து வருகிற ஸ்பீக்கர்காரர், பெரிய ஐயருக்குப் பக்கத்தில் மைக்கை வைப்பதற்காக எங்கள் ஆட்களுக்குள்ளால் குனிந்து வந்தார். நாற்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கோயில் வழக்கப்படி மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு நின்றார். உதவி ஐயர் அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

“வாங்கோ வாங்கோ, இருங்கோ பலகையிலை.”

“ஐயா, நான் வயர்...”

“வயரைப் பேந்து பாப்பம். இருங்கோ.”

அவர் இருந்துவிட்டார். அந்த இடத்தில் யார்தான் இல்லையென்று எழும்புவார்கள்? விரலில் தர்ப்பை ஏறிவிட்டது. பெரிய ஐயருக்குக் கண் சரியாகத் தெரியாது. “பேர்?” என்றார். அவர் தன் பெயரைச் சொன்னார். “நட்சத்திரம்?” “பூரட்டாதி எண்டுதான் ஐயா அம்மா சொல்லுறவ.” இவ்வளவும் அவரே கொண்டுவந்து வைத்த மைக்கில் விழுந்து, வேப்பமரத்துக் குழாயால் ஊர் முழுக்கக் கேட்டது.

அந்த வருடம் எங்கள் வீட்டுத் திருவிழா ஸ்பீக்கர்காரர் பேரில் நடந்தது.

தூணடியில் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “என்னக்கா, ஒருத்தருக்கும் சொல்லாமல் மருமேன் எடுத்திட்டியளோ?” என்றாள். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. மகளும் சிரித்தாள். பிறகு அவளுடைய சிரிப்பு மட்டும் நடுவில் நின்றுபோனதை நான் பார்த்தேன். தட்டம் இன்னும் அவள் கையில் இருந்தது.

மத்தியானம் ஸ்பீக்கர்காரர் மோட்டார் சைக்கிளில் எங்கள் படலைக்கு வந்தார். காளாஞ்சியைத் துவாயில் சுற்றிப் பிடித்திருந்தார்.

“அம்மா, இது உங்கடை வீட்டுச் சாமான். நான் ஒண்டும் தொடேல்லை.”

“உள்ளை வாங்கோ தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்.”

“ஐயோ வேண்டாமம்மா” என்று படலைத் தூணின் மேல் தட்டத்தை வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல் போய்விட்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். அது வேறு விஷயம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று பின்னேரம் மகள் முற்றத்தில் இருந்து கால் கழுவிக்கொண்டு சொன்னாள். “அம்மா, வாற வருசம் தர்ப்பை நான் போடுறன். இல்லாட்டித் திருவிழாவை ஆருக்கும் குடுத்திடுவம். ரோட்டாலை போற ஆம்பிளையைப் பிடிச்சு இருத்துறதுக்கு நான் விரதம் இருக்கேல்லை.”

“விசர்க்கதை கதையாதை” என்றேன். “அம்மாள் கோவிப்பா.”

“அம்மாள் என்னை நாள் முழுக்கத் தோட்டத்திலை பாக்கிறா. அங்கை கோவிக்கேல்லை.”

“ஊர் என்ன சொல்லும்?”

“ஊர் இண்டைக்குச் சொன்னது காணாதோ?”

இந்த இடத்தை நான் மறைக்கப் போவதில்லை. ஊர் மறிக்குமுன் அவளை மறித்தது நான்தான். பெற்ற தாய். மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. அவளும் சோற்றைப் போட்டுத் தந்துவிட்டுத் தன் பாட்டில் போனாள்.

மாசி மாதம் கோயில் பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் வந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் தங்களுக்கும் ஒரு திருவிழா வேண்டுமென்று கேட்டிருக்கிறதாம். எங்கள் ஆறாம் திருவிழா ‘பொறுப்பேற்க ஆளில்லாத’ உபயமாம். அதை மாற்றிக் கொடுப்பது பற்றிக் கூட்டத்தில் பேசப்படும் என்று இருந்தது. ஆளில்லாத என்ற சொல்லை நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. கொழும்பில் இருக்கிறவனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டுவந்து நிறுத்தினால் திருவிழா தப்பும். ஆனால் மகள் அதைக் கையால் தொடமாட்டாள். அவளுக்காகக் கேட்டால் திருவிழாவும் போகலாம், ஊர் மரியாதையும் போகலாம்.

அந்தக் கிழமையே கோயில் தலைவர் எங்கள் படலைக்கு வந்தார். இளைப்பாறின வாத்தியார், ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். திருவிழா பற்றிக் கதைக்க வருகிறாராக்கும் என்று முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவள் எழும்பினேன். அவர் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

“பிள்ளையை ஒருக்கால் என்ரை தோட்டத் துண்டை உழுதுவிடச் சொல்லுங்கோ. மற்றவங்கள் மேலாலை சுரண்டிப்போட்டுப் போறாங்கள். உங்கடை பிள்ளைதான் ஆழமாய் உழுவா.”

“சொல்லுறன் வாத்தியார்” என்றேன்.

அவர் போனபிறகு முருங்கையிலைச் சுளகுக்கு முன்னால் அப்படியே இருந்தேன். அந்த அறிவித்தலில் கையெழுத்து வைத்தவர் இவர். ஆளில்லாத வீட்டுப் படலையைத்தான் இப்போது தட்டிவிட்டுப் போகிறார். மகள் தோட்டத்தால் வந்ததும், “கூட்டத்துக்கு நானும் வாறன்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “என்னத்துக்கு?” “கதைக்க” என்றேன்.

கூட்டத்தில் ஆண்கள் கதிரையிலும் நாங்கள் சுவரோரம் பாயிலும் இருப்பது வழக்கம். பாயில் இருந்து யாரும் கதைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆறாம் திருவிழாப் பேச்சு வந்தவுடன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். ஒருமுறை முழங்கால் முறிந்த கால். எழும்ப நேரம் எடுத்தது. அதற்குள் எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்கள்.

“வாத்தியார், எங்கடை வீட்டிலை ஆள் இருக்கு. என்ரை மகள் தர்ப்பை போடுவாள்.”

எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். பிறகு பின் கதிரையிலிருந்து ஒருவர், “அப்ப ஐயரையும் வீட்டை அனுப்பிப்போட்டுப் பூசையையும் நீங்களே செய்யுங்கோவன்” என்றார். சிரித்தார்கள்.

“ஐயற்றை வேலையை ஆர் கேட்டது?” என்றேன். “என்ரை வீட்டுத் திருவிழாவைக் கேக்கிறன். போன வருசம் ஸ்பீக்கருக்கு வந்த பிள்ளைக்குத் தர்ப்பை போடலாமெண்டால், கொடியேறினதிலை இருந்து விரதம் இருந்த என்ரை பிள்ளைக்கு ஏன் போடேலாது?”

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “அது அவசரத்திலை நடந்தது, அக்கா. எண்டாலும் ஒரு ஆம்பிளை...”

அப்போதுதான் மூலையில், கூட்டத்துக்கு மைக் பூட்ட வந்திருந்த ஸ்பீக்கர்காரர் எழும்பினார். கையில் வயர்ச் சுருள்.

“வாத்தியார், நான் ஒண்டு சொல்லவேணும். எனக்கு அண்டையிலை இருந்து நித்திரை இல்லை. அண்டைக்குக் காலமை நான் பாணும் முதல்நாள் மீன்குழம்பும் திண்டுபோட்டு வந்தனான்.”

கதிரைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அவர் அதோடு விடவில்லை. “எனக்குத் தெரியுமே பலகையிலை இருத்துவினமெண்டு? தெரிஞ்சால் தேங்காய்ச் சம்பலோடை திண்டிருப்பன்.”

முதலில் சிரித்தது பெரிய ஐயர். வயிறு குலுங்கச் சிரித்து, சால்வையால் கண்ணைத் துடைத்தார். “ஐயோ கடவுளே, அம்மாளுக்கு மீன்குழம்பு உபயம்!” பிறகு நிமிர்ந்து இருந்து ஆறுதலாகச் சொன்னார். “தர்ப்பை போடுறவைக்கு விரதமும் மனச்சுத்தமும் வேணும். அந்தப் பிள்ளையிட்டை ரெண்டும் இருக்கு. எனக்கு மறுப்பில்லை.”

இனி முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பாயிலிருந்தே ஒரு குரல் வந்தது. என்னிலும் வயது கூடிய ஒரு பெண்மணி, மகளைப் பார்த்துக் கேட்டாள். “பிள்ளை, அண்டைக்கு உனக்கு வீட்டுக்குத் தூரம் எண்டால்?”

ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். மகள் எழும்பினாள். “நான் வரமாட்டன் பெரியம்மா. அம்மா தர்ப்பை போடுவா.”

புருஷன் இல்லாத நான், அம்மனுக்கு முன்னால் பலகையில்! அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லையென்றிருப்பேன். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஓம், போடுவன்” என்றேன்.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, “சரி, இந்த ஒரு வருசம் விட்டுப் பாப்பம்” என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது. எனக்கு அது காணும்.

கொழும்பிலிருந்து அவன் போன் எடுத்தான். “என்ன சித்தி, எனக்கொரு சொல் சொல்லேல்லை?” “உனக்குத்தான் லீவு இல்லையே மோனை” என்றேன்.

அந்த வருடம் நோட்டீஸில் ‘குடும்பத்தினர்’ என்றுதான் அடித்திருந்தார்கள். பரவாயில்லை என்று விட்டோம். ஆறாம் திருவிழா அன்று பெண்கள் பக்கம் வழக்கத்தைவிடச் சனம். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளிவீதிக்குப் போனதையும் கண்டேன். மகள் தலை தோய்ந்து, குங்குமக் கலர்ச் சேலை கட்டி, தட்டத்தோடு நின்றாள். உதவி ஐயர் பழக்கத்தில் அவளுக்கு மேலால் ஒருமுறை பார்த்தார். பிறகு பார்வையை இறக்கி, “வாங்கோ பிள்ளை, இருங்கோ” என்றார்.

மெசின் பிடித்துக் காய்த்துப்போன விரல். தர்ப்பை அதில் இறுக்கமாய் இருந்ததாம், பிறகு சொன்னாள். “பேர்?” சொன்னாள். “நட்சத்திரம்?” சொன்னாள். அன்று குழாயின் சத்தம் வழக்கத்தைவிடக் கூட. எங்கள் பின்தோட்டத்தில் நின்ற ஆட்களுக்கும் கேட்டதாம். ஸ்பீக்கர்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில், ஒன்றும் தெரியாதவர் போல வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மீன் மச்சம் தின்னாமல் வந்தவர் என்று எல்லாருக்கும் தானாகவே சொல்லித் திரிந்தார்.

நான் மூன்றாம் தூணடியில் நின்றேன். என் மகளின் முதுகு அகலமில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் அம்மனின் முகம் தெரிந்தது. இத்தனை வருடத்தில் ஆறாம் திருவிழாவில் நான் அம்மனைக் கண்டது அன்றைக்குத்தான்.

காளாஞ்சி கொடுக்கும்வரை நிற்கவில்லை. ஏலாத காலோடு முன்னால் வந்து படலையில் நின்றுகொண்டேன். அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் ஒழுங்கையால் வந்தாள். நடந்து வந்தாள், தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வேலிக்கு மேலால் இம்முறையும் தலைகள் தெரிந்தன. ஒன்றிரண்டு தலை ஆட்டின, ஒன்று சிரித்தது.

தட்டத்தை என் கையில் தந்தாள். தேங்காய் இருந்தது. பழம் இருந்தது. பூ வாடவில்லை. அவற்றுக்கு நடுவில் வெற்றிலை, காம்பெல்லாம் ஒரு பக்கமாய் அடுக்கி, மேலே பாக்கு வைத்து, முழுசாய் இருந்தது. இவ்வளவு வடிவாய் அடுக்கி வைப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“நீ வெத்திலை போடேல்லையோ?” என்றேன்.

“எனக்கென்னத்துக்கு? நீங்கள் போடுங்கோ அம்மா. அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டிலை உங்களுக்குத்தானே வெத்திலை போடுற பழக்கம்.”

எனக்கிருப்பது ஏழு பல். வாசற்படியில் இருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, நரம்பு கிழித்து, ஆறுதலாய் மென்றேன். அவள் மெசினுக்கு டீசல் ஊற்றப் போனாள். வாத்தியாரின் துண்டை நாளை மறுபடியும் உழவேண்டுமாம்.